பன்னிரண்டாவது தாள்

செவ்வாய்க்கிழமை இரவு பனி கொட்டியது. புதன் காலை மூரோவோ ஊரே ஸ்கீ மாட்டிச் சறுக்க மலைமேல் போயிருந்தது. பேக்கரி பூட்டிக் கிடந்தது. பல் டாக்டர் தன் கதவில் "எனக்குக் காய்ச்சல்" என்று எழுதி ஒட்டிவிட்டு முதல் லிஃப்டில் ஏறியிருந்தார். வியாழன் மாலைக்குள் சரிவுகள் எல்லாம் உழுத வயல்போல் ஆகிவிட்டன. சனிக்கிழமை, நெவேனா இறந்து ஓராண்டு நிறைந்த அன்று, அந்த மலையில் ஸ்கீ படாத பனி ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக்கூட மிஞ்சவில்லை.

யாவோருக்கு அப்படி ஒரு இடம் அன்றைக்கே வேண்டியிருந்தது.

காரணம் ஒரு தாள். இறந்தவரின் படம் போட்டு, பெயர் போட்டு, நாற்பதாம் நாளும் ஆறாம் மாதமும் ஆண்டு நிறைவும் அச்சடித்து ஒட்டுகிற தாள். அவர் வாழ்ந்த இடம், வேலை செய்த இடம், அடிக்கடி போன இடம் என்று ஒட்டுவார்கள். மாமியார் ருமியானா பன்னிரண்டு தாள் எடுத்திருந்தாள். வீட்டுக் கதவு, நெவேனா வேலை பார்த்த மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், லிஃப்ட் நிலையம் என்று பதினொன்று ஒட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவதைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து யாவோரிடம் நீட்டினாள்.

"இது மலைக்கு. அவ எப்பவும் போவாளே, அந்த இடத்துல ஒட்டுங்க மாப்பிள்ள. நீங்கதானே புருஷன், உங்களுக்குத் தெரியாததா?"

யாவோர் வாங்கிக்கொண்டான். தெரியும் என்று சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

அவனுக்குத் தெரியாது.

நெவேனா பனி விழுந்த மூன்றாம் நாளும் நான்காம் நாளும்கூட இடுப்புவரை வெள்ளையாகத் திரும்பி வருவாள். யாரும் சறுக்காத அந்தப் பொடிப்பனியை ஊர்க்காரர்கள் மாவு என்பார்கள். "எங்கடி மாவு?" என்று லிஃப்ட் வரிசையே கேட்கும். அவள் சிரிப்பாள். அந்த ஊரில் இதைக் கேட்கலாம், ஆனால் சொல்லக்கூடாது. அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான். கல்யாணம் ஆன புதிதில் யாவோர் கேட்டபோது அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, "நீ அங்க வர முடியாது, ஒட்டகச்சிவிங்கி. இன்னும் கொஞ்சம் பொறு" என்றாள். தன் ஸ்கீ இன்னும் தேறவில்லை என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டான். அது தேறாததும் உண்மைதான். டான்யூப் கரைச் சமவெளியில் பிறந்து, இருபத்தேழு வயதில் கற்றுக்கொண்டவன். மாடிப்படியில் பீரோ இறக்குவதுபோல் இறங்குவான்.

போன பிப்ரவரியில் ஒரு லாரி, ஒரு வளைவு. அவ்வளவுதான்.

அதன்பிறகு அவன் அழவில்லை. அலுவலகம் போனான், வந்தான், சாப்பிட்டான். நில அளவைத் துறையில் வேலை. இந்தக் குளிர்காலத்தில் பதினோரு சனிக்கிழமை வரைபடத்தோடு மலையேறினான். வெயில் படாத வடக்குச் சரிவுகள், காற்று ஒதுங்கும் பள்ளங்கள், கணக்குப்படி மாவு தங்க வேண்டிய எல்லா இடத்துக்கும் போனான். எல்லா இடத்திலும் அவனுக்கு முன்னால் யாராவது போயிருந்தார்கள்.

கல்லறைக் கல்லைக் கழுவியதில் அவன் கையுறை நனைந்து விறைத்துவிட்டது. ருமியானா பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். நெவேனாவுடையது. நீலம்.

"இதப் போட்டுக்குங்க. வெறுங்கையோட போனா விரல் போயிடும்."

விரல்கள் பாதிவரைதான் நுழைந்தன.

நாற்காலி லிஃப்டில் அவனோடு ஓக்னியான் ஏறினான். நெவேனாவின் தம்பி. அக்காவைப் போலவே குள்ளம், அக்காவைப் போலவே வாய். கல்லறையில் பகிர்ந்த வேகவைத்த கோதுமை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அவன் கையில் இருந்தது. சர்க்கரையும் பிஸ்கட் தூளும் தாடியில்.

"அத்தான், அந்தக் கையுறையில நீங்க வாத்து மாதிரி இருக்கீங்க."

"பேசாம தின்னு."

"எங்க ஒட்டப்போறீங்க?"

யாவோர் கீழே பார்த்தான். காலடியில் முழுச் சரிவும் மேடும் குழியுமாகக் கிடந்தது.

"தெரியல."

"அம்மாகிட்ட தெரியும்னு தலையாட்டினீங்க?"

"ஆட்டல. சும்மா நின்னேன்."

"அது போதுமே அவங்களுக்கு." ஓக்னியான் கோதுமையை மென்றான். "எனக்கும் தெரியாது அத்தான். ஒருதடவ பின்னாலயே போனேன். காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் சுத்த விட்டு, கடைசில சூப் கடைக்குப் பின்பக்கம் கொண்டுவந்து விட்டா. அங்க உக்காந்து எனக்கு முன்னாடியே சூப் குடிச்சுக்கிட்டிருக்கா!"

யாவோருக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. கையை உயர்த்தி மூக்கைத் துடைத்தான். ஓக்னியான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினான்.

"இது என்ன, ரத்தமா?"

உள்ளங்கையில் பழுப்புக் கறை. கறைக்கு மேல் பிசின் திட்டு. அதில் சாம்பல் நிறப் பாசி இழை ஒன்று ஒட்டியிருந்தது. கிழட்டுப் பைன் மரங்களில் தாடிபோல் தொங்கும் பாசி. ஓக்னியான் மோந்து பார்த்தான். நக்கியும் பார்த்தான்.

"ரத்தம் இல்ல. துரு."

"லிஃப்ட் கம்பியா இருக்கும்."

"இதுல ஏது துரு? வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறானுங்க. இந்த மலையில துருப்பிடிச்ச இரும்பு ஒரே இடத்துலதான் இருக்கு." சொல்லிவிட்டுத் தானே நிறுத்தினான். "இல்ல, அங்க நாய்கூட நுழையாது."

"எங்க?"

"பழைய லிஃப்ட்."

விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்காக அந்தக் காலத்தில் போட்ட, ஸ்கீயோடு நிற்பவர்களைக் கயிற்றால் மேலே இழுக்கும் லிஃப்ட். கயிற்றை எப்போதோ கழற்றிவிட்டார்கள். தூண்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இடம். தெரிந்ததாலேயே யாரும் நினைத்துப் பார்க்காத இடம். அதன் தலைமாட்டில் குட்டைப் பைன் புதர் முளைத்து, கிளையும் கிளையும் பின்னி, வேலிபோல் அடைத்துக்கொண்டது. கீழிருந்து ஏறினால் அரை நாள். யாவோரின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. புதர் என்று அர்த்தம். பதினோரு சனிக்கிழமையும் அவன் மாவு எங்கே தங்கும் என்று தேடினான். மற்றவர்கள் எங்கே வரமாட்டார்கள் என்று தேடவில்லை.

உச்சியில் இறங்கினார்கள். எல்லாரும் வலப்பக்கம் திரும்பும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினார்கள். முகட்டோரமாகக் கால்மணி நேரம். பிறகு ஒரு பாறை விளிம்பு. அதற்குக் கீழே லிஃப்டின் மேல்சக்கரம் பொருத்தியிருந்த இரும்புத் தூண். தூணில் ஏணிப்படிகள். ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு அதைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். யாவோர் இறங்கி, உள்ளங்கையைப் பார்த்தான். பழைய கறையின் மேல் புதுக் கறை.

"சரியான இடம்தான் அத்தான்," என்றான் ஓக்னியான். குரல் தாழ்ந்திருந்தது.

எதிரே புதர். சுவர்போல் நின்றது. ஓரமாக ஒரு கிழட்டுப் பைன், தாடி தாடியாகப் பாசி. அதன் பின்னால் ஒரு இடைவெளி, கதவு அகலத்துக்கு. ஓக்னியான் முதலில் நுழைந்தான். யாவோர் பின்னால். நாய்கூட நுழையாது என்று சொன்ன புதருக்குள் இருவரும் நடந்தே போனார்கள். முப்பது அடி, நாற்பது அடி.

"ஊர்க்காரனுங்க சும்மா பயமுறுத்தியிருக்கானுங்க. நல்லாத்தானே இருக்கு வழி," என்று ஓக்னியான் சொல்லி முடிப்பதற்குள் யாவோரின் நெற்றியில் ஒரு கிளை பளாரென்று அறைந்தது. கொட்டிய பனி கழுத்துக்குள் இறங்கியது.

"குனிஞ்சு வாங்க! இது என்ன உங்க சமவெளியா?"

"இவ்வளவு நேரம் குனியவே இல்லடா."

"என்ன?"

"இவ்வளவு தூரம் நிமிர்ந்துதான் நடந்து வந்தேன்."

யாவோர் திரும்பிப் பார்த்தான். வந்த வழியில் கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடத்தில் பிசின் கசிந்து, மஞ்சளாகி, உறைந்திருந்தது. மேல் வெட்டு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே. முதுகில் நிற்கும் ஸ்கீ நுனிக்கும் இடம் விட்டிருந்தது. ஓக்னியான் தன் கையை உயர்த்திப் பார்த்தான். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று பார்த்தான். அப்போதும் எட்டவில்லை.

"அவ என்னைவிடக் குள்ளம்," என்றான். "ஸ்கீயக் குத்தி வச்சு அதுமேல ஏறி நின்னிருப்பா. லூசு."

யாவோர் கையை உயர்த்தி மேல் வெட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒட்டகச்சிவிங்கி, இன்னும் கொஞ்சம் பொறு. அவனுடைய ஸ்கீயைப் பற்றி அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அவனை அறைந்த கிளைக்கு அடுத்ததில், பிளாஸ்டிக் பிடி போட்ட கைரம்பம் ஒன்று தொங்கியது. ஆரஞ்சு நிறம் வெளுத்து, பல் எல்லாம் துரு.

"அம்மாவோட ரம்பம்!" ஓக்னியான் கத்தினான். "பிளம்ஸ் மரம் கவாத்து பண்ற ரம்பம்! நீங்க தொலைச்சிட்டீங்கன்னு ரெண்டு வருஷமா உங்களத் திட்டுறாங்களே!"

"மூணு வருஷம்."

"திருடி! தூக்கிட்டு வந்துட்டு, அம்மா உங்களத் திட்டுறப்ப பக்கத்துல உக்காந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவா. வனத்துறைக்காரன் பார்த்திருந்தா அபராதம் போட்டிருப்பான்."

"இப்ப எந்த விலாசத்துக்கு அனுப்புவான்?"

சொன்ன பிறகுதான், தான் நகைச்சுவை பேசியிருப்பது யாவோருக்கே தெரிந்தது. ஓக்னியான் அவனைப் பார்த்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள். அந்தப் புதருக்குள் நின்று, கழுத்தில் பனி உருக, வெகுநேரம் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று யாவோருக்குத் தெரியவில்லை. ஓக்னியான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலணி வாரை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவிழ்க்க வேண்டிய தேவை எதுவும் அதற்கு இருக்கவில்லை.

மீதி வழியை அவள் வெட்டவில்லை. முழங்காலில் ஊர்ந்தார்கள். இன்னொரு நாற்பது அடி. யாவோரின் தொப்பி ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டான்.

வெளியே வந்தபோது பனி அப்படியே இருந்தது.

இருபுறமும் கிழட்டுப் பைன்கள், நடுவே அகன்ற சந்துபோல் வெட்டவெளி, அதன் நடுவே வரிசையாக இரும்புத் தூண்கள் கீழே ஓடைவரை. பனிமேல் ஒரு முயலின் தடம்கூட இல்லை. செவ்வாய் இரவு எப்படி விழுந்ததோ அப்படி.

"நீங்க முதல்ல," என்றான் ஓக்னியான்.

"நான் கெடுத்துடுவேன்டா."

"கெடுங்க. உங்களுக்காகத்தானே."

யாவோர் ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கினான். சத்தமே இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. கரகரப்பு இல்லை, கீறல் இல்லை. முழங்கால்வரை பனி வந்து ஒதுங்கியது. நான்காவது திருப்பத்தில் விழுந்தான். முழுசாகப் புதைந்தான். வாயில், காதில், சட்டைக்குள் மாவு. மேலிருந்து ஓக்னியான் ஊளையிட்டான்.

"பீரோ விழுந்துடுச்சு!"

இரண்டாம் தூணருகே நின்று தாளை எடுத்தான். மாமியார் கொடுத்த ஒட்டுநாடா உறைந்த இரும்பில் ஒட்டவில்லை. ஊதினான், தேய்த்தான், ஒட்டவில்லை. கடைசியில் ஸ்கீ கட்டும் ரப்பர் பட்டையை எடுத்துத் தூணைச் சுற்றிக் கட்டினான். படத்தில் நெவேனா, கண்ணை வெயிலுக்குச் சுருக்கிக்கொண்டு.

"எவனாவது பார்த்தா இடம் தெரிஞ்சிடும் அத்தான்."

"அந்தப் புதரைத் தாண்டி வந்தவன் பார்க்கட்டும்."

ஓடையிலிருந்து காட்டுப்பாதை பிடித்து நடந்தால் கீழ் லிஃப்ட் நிலையம். அங்கேதான் ருமியானாவின் சூப் கடை. அன்றைக்குக் கடை கிடையாது, ஆனாலும் அடுப்பு எரிந்தது. இருவர் முன்னாலும் அவரைச் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். கையுறையைக் கழற்றியதும் யாவோரின் விரல்கள் வலிக்கத் தொடங்கின. உயிர் திரும்பும் வலி. கண்ணில் நீர் வந்தது. அவன் துடைக்கவில்லை.

"ஒட்டினீங்களா மாப்பிள்ள?"

"ஒட்டிட்டேன் அத்தை."

"எங்க?"

ஓக்னியான் சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டான். யாவோர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அத மட்டும் கேக்காதீங்க அத்தை. சொல்ல முடியாது."

ருமியானா இடுப்பில் கை வைத்து அவனையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, தொப்பியில்லாத அவன் தலைமுடியிலிருந்து சாம்பல் பாசியை ஒவ்வொரு இழையாக எடுத்து அடுப்பில் போட்டாள். நெவேனாவின் தலையிலிருந்தும் இதே அடுப்பில்தான் போட்டிருப்பாள்.

"நம்ம ஊர்ப் பொண்ணக் குடுத்தா வெளியூர் மாப்பிள்ளையும் ஊர்க்காரனா மாறிடுவான்னு சொன்னாங்க," என்றாள். "இப்படியா மாறணும்?"

"அம்மா, ரம்பம் கிடைச்சிடுச்சு," என்றான் ஓக்னியான்.

"எந்த ரம்பம்? பிளம்ஸ் ரம்பமா? எங்க கிடைச்சுது?"

"அதுவும் சொல்ல முடியாது."

"கொண்டாடா!"

"கொண்டுவரல அத்தை," என்றான் யாவோர். "அங்க இன்னும் நாற்பது அடி வேலை பாக்கி இருக்கு. நான் முடிச்சுத் தரேன். அடுத்த சனிக்கிழமை போறேன்."

ருமியானா உள்ளே போனாள். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்க் குப்பியோடு திரும்பி வந்து, அவன் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

"மூணு வருஷம் வெளியில கிடந்த ரம்பம். எண்ணெய் விடாம இழுத்தா ஒரு கிளைகூட வெட்டாது," என்றாள். "சூப்பக் குடிங்க, ஆறுது."