என்ஜினில் மிச்சமிருந்த நேரம்

அந்தத் தீவு நாட்டின் அரசாங்கத்திடம் விமானங்கள் இரண்டு இருந்தன. பேருக்குத்தான் இரண்டு. ஒன்று ஓடுபாதையின் ஓரத்தில், சக்கரமும் கதவும் பறிபோய், வயிற்றுக்குள் கோழிகளை அடைகாக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் மற்றதைப் பறக்கவைத்தார்கள். அந்த மற்றதுக்கும் இப்போது நாள் குறித்தாகிவிட்டது.

இடது என்ஜின் இத்தனை மணி நேரம் ஓடியதும் அதைக் கழற்றி வெளிநாட்டுப் பட்டறைக்கு அனுப்பவேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம் ஓடினாலும் சட்டப்படி குற்றம். ஆறு வாரத்துக்கு முன் காபுரே ஏணியிலிருந்து இறங்கி, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி திரோயாவிடம், "ஒம்பது மணி நேரந்தான் அக்கா மிச்சம்" என்றான். காபுரே அந்த நாட்டின் ஒரே விமான மெக்கானிக். மாற்று என்ஜின் கடலுக்கு அப்பால் தயாராக இருந்தது. அதை வரவழைக்கும் கோப்புதான் அமைச்சரின் மேசையில் இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

திரோயா அன்றைக்கே அலுவலகக் கரும்பலகையில் ஒன்பது என்று எழுதினாள். எந்தத் தீவுக்கு விமானம் போகும், யார் ஏறுவார்கள் என்று முடிவு செய்வது அவள் வேலை. பயணியை மூட்டையோடு எடைமேடையில் ஏற்றி, கிலோ பார்த்து, இடம் கொடுப்பதும் மறுப்பதும் அவள்தான். பத்து வருடமாக மறுத்து மறுத்து அவளுக்குக் 'கல்லு' என்று பெயர் வந்திருந்தது. முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள் என்றாலும் அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமைப்படக் காரணம் இருந்தது. அந்தத் தீவுகளில் புபுதி என்றொரு வழக்கம். உறவுக்காரன் வந்து உட்கார்ந்து, "புபுதி கேக்க வந்தேன்" என்று வாய் திறந்துவிட்டால், கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். படகு கேட்டால் படகு, பன்றி கேட்டால் பன்றி. இல்லை என்று சொன்னவன் ஊர்க் கூடத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. இப்படிப்பட்ட ஊரில் விமானச் சேவை நடத்துவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. திரோயாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், மச்சான் கேட்டான் என்று கொடுத்து, மாமனார் கேட்டார் என்று கொடுத்து, கடைசியில் தேர்தல் வாக்குப்பெட்டியை இறக்கிவிட்டுக் கல்யாணப் பன்றிகளை ஏற்றி அனுப்பியவர்.

திரோயா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கூரை வேயக் கீற்று தேவைப்பட்டால் தானே முடைவாள், மீன் இல்லாவிட்டால் வெறும் சோறு தின்பாள். வாங்கியவனிடம்தானே திருப்பிக் கேட்க முடியும்? கை நீட்டாதவளிடம் கை நீட்ட ஊருக்கு வாய் கூசியது. இப்படித் தனிமரமாக நின்றுதான் அவள் அந்த விமானத்தைக் காப்பாற்றிவந்தாள்.

ஒன்பது மணியில் ஐந்தை, தடுப்பூசி மருந்துக்கும் பரீட்சைத் தாளுக்கும் செலவழித்தாள். மிச்சம் நான்கு. அதன் கீழே சாக்கட்டி உடையும்படி அழுத்தி 'உயிர் போகும் நோய்க்கு மட்டும்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும் ஒரே பதில். பாட்டுக்குழுவுக்கு இல்லை, பாதிரியாருக்கு இல்லை, மகன் பிறந்தநாளுக்குப் போகவேண்டிய வங்கி மேலாளருக்கு இல்லை. கடிதத்தில் கேட்டவர்களுக்குக் கடிதத்திலேயே இல்லை. தட்டச்சு செய்து அடுக்கிவைத்த பதில்களில் பெயர்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அமைச்சருக்கும் இல்லைதான். அவருடைய சொந்தத் தீவான தமானவாவில் புதுக் கூடம் திறக்கப்போகிறார்கள், அவர் போகவேண்டும். செயலாளரை அனுப்பினார்.

"ரெண்டு நாள் பொறுத்தா கப்பல் போகுது, அதுல போகச் சொல்லுங்க" என்றாள் திரோயா.

"அமைச்சருக்குக் கப்பல் ஒத்துக்காதும்மா. வாந்தி வரும்."

"எழுத்துல உத்தரவு கொடுக்கச் சொல்லுங்க. அப்ப நானும் எழுத்துலயே இல்லைன்னு சொல்றேன். ரெண்டையும் ரேடியோவுல வாசிக்கட்டும்."

செயலாளர் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு ஏன் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

பூசை முடிந்து ஊர்க் கூடத்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட சீமைப் பலாக்காயும் சூரை மீனும் பரிமாறி முடிந்த நேரம். பெரியப்பா தெபானோ தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடத்தின் நடுவைக் கடந்து வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனபின் அவளுக்குச் சோறு போட்டவர். இத்தனை வருடத்தில் ஒரு தேங்காய்கூட அவளிடம் கேட்டதில்லை.

"திரோயா, புபுதி கேக்க வந்தேன்."

திரோயா சட்டென்று அவர் பக்கம் குனிந்தாள்.

"வேணாம் பெரியப்பா. இங்க வேணாம். வீட்டுக்கு வாங்க, பேசலாம்."

"வீட்டுக்கு வந்தா நீ ஆபீசு பேசுவ. தமானவாக்காரங்க அமைச்சருக்காக எங்கிட்ட வந்து உக்காந்துட்டாங்க. அங்க என் சம்சாரத்தோட ஆளுங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். நான் கொடுக்கணும். எங்கிட்ட விமானம் இல்ல. உங்கிட்ட இருக்கு."

"அது என்னுது இல்ல பெரியப்பா."

"உங்கப்பன் நெலம்கூட என்னுது இல்ல. அதுல வெளஞ்சதத்தானே உனக்குப் போட்டேன்? ஒரே ஒரு தடவ கேக்குறேன். அவரு போயிட்டு வந்ததும் ஒன் என்ஜின் கோப்புல கையெழுத்துப் போடுறேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு."

அறுபது எழுபது பேர் அவளையே பார்த்தார்கள். கல்லு இப்போது என்ன செய்யப்போகிறது என்று பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் பெரியப்பா இந்தக் கூடத்துக்குள் இனி வரமாட்டார். அது நிச்சயம். நான்கு மணி நேரம் யாருக்காக வைத்திருக்கிறோமோ அவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. இந்த முகம் தெரியும்.

"சரி பெரியப்பா" என்றாள்.

தமானவாவுக்குப் போக வர இரண்டு மணி ஐம்பது நிமிடம். அமைச்சர் மறுநாளே மாலையோடு போய் மாலையோடு வந்தார். பலகையில் திரோயா ஒரு மணி பத்து நிமிடம் என்று மாற்றி எழுதினாள். கோப்பு இன்னும் வரவில்லை. விருந்து சாப்பிட்ட களைப்பு தீரவேண்டாமா?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோ கரகரத்தது. வடக்கே நிகாபுவாவிலிருந்து நர்ஸ் மெலேதினா.

"அகாதான்னு ஒரு பொண்ணு. பள்ளிக்கூட வாத்தியார் சம்சாரம், வெளித்தீவுக்காரி. வயித்துப்புள்ள குறுக்க கெடக்கு. ரத்தம் போகுது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். ஓவர்."

அவ்வளவுதான் சொன்னாள். விமானம் அனுப்புங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு தகவல் வந்தால் விமானம் வரும், அதற்குத்தானே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நிகாபுவாவுக்குப் போக ஒரு மணி இருபது நிமிடம், திரும்ப அதே.

திரோயா ஓடினாள். ஐம்பது வயதில், செருப்பு கழன்றது தெரியாமல் கொட்டகைக்கு ஓடினாள். காபுரே பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"காபுரே, புபுதி கேக்க வந்தேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். இந்த வாயிலிருந்து இந்தச் சொல் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"ரெண்டு மணி நேரம் கொடு. என்ஜினுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்குன்னு புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போடு."

"அக்கா..."

"நிகாபுவாவுல ஒரு பொண்ணு செத்துக்கிட்டிருக்கா."

காபுரே குனிந்த தலை நிமிராமல் புத்தகத்தை எடுத்தான். கையெழுத்தும் போட்டான். பிடிபட்டால் அவன் உரிமம் போகும், ஜெயிலுக்கும் போவான், இரண்டு பிள்ளைகள். பெரியப்பா தனக்குச் செய்ததை, அதைவிட மோசமாகத் தான் இவனுக்குச் செய்துவிட்டோம் என்பது அவன் பேனாவை மூடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கேப்டனிடம் போனாள்.

கேப்டன் வுனிவாங்கா ஃபிஜிக்காரர். நல்ல மனிதர், கணக்கில் கெட்டி. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம ஒரு மணி பத்து நிமிஷம். இன்னிக்கி மூணு மணி. நின்ன எடத்துல என்ஜினுக்கு வயசு கொறையுமா அம்மா?"

"கேப்டன், நான் உங்ககிட்ட புபுதி..."

"அது உங்க ஊர் வழக்கம். எனக்கு இல்ல." கோபமில்லாமல்தான் சொன்னார். "அந்த என்ஜினோட எண்ணெய்க் குழாயில கசிவு இருக்கு. காபுரேகிட்ட கேளுங்க. நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா நானும் போவேன், அந்தப் பொண்ணும் போவா. சட்டம் நேரம் கொடுத்திருந்தா இந்நேரம் கெளம்பியிருப்பேன். அந்த நேரத்த நீங்க யாருக்குக் கொடுத்தீங்க?"

திரோயாவுக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதனால்தான் அத்தனை ஆத்திரம். காபுரே கையெழுத்துப் போட்ட பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரேடியோவுக்குத் திரும்பினாள்.

"மெலேதினா, விமானம் இல்ல. படகுல ஏத்து. ஓவர்."

மெலேதினா தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"படகுக்குப் பதினோரு மணி நேரம் ஆகும் அக்கா."

"தெரியும். ஏத்து."

அன்று இரவு படகு வந்துசேர்ந்தது. அகாதா வழியிலேயே, எட்டாவது மணி நேரத்தில், போய்விட்டாள். பிள்ளை அவளுக்கு முன்பே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் வாத்தியார் அலுவலகத்துக்கு வந்தார். இயோதெபா என்று பெயர் சொன்னார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் இல்லை, மாமா இல்லை, ஊர்ப் பெரியவர் இல்லை. தனியாக வந்திருந்தார்.

"நான் புபுதி கேக்க வந்தேன்" என்றார், நின்றபடியே. "எனக்கும் உங்களுக்கும் உறவு இல்ல. கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க."

"அவளுக்கு ஓனோபெருதான் ஊரு. அவங்கம்மா நெலத்துல பொதைக்கணும். ஆஸ்பத்திரியில வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. கப்பல் திங்கக்கெழமதான் போகுதாம். இங்கேருந்து இருபத்தஞ்சு நிமிஷம்னு சொன்னாங்க."

போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. ஐம்பது நிமிடம். என்ஜினில் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. சட்டப்படி இருந்தது, கேப்டனும் ஒன்றும் சொல்ல முடியாது. உயிரோடு கொண்டுவரப் போதாத நேரம், பிணத்தைக் கொண்டுபோகத் தாராளமாகப் போதும்.

"கொண்டுபோகலாம்" என்றாள். "நாளைக்குக் காலையில."

வாத்தியார் தலையசைத்தார். போவார் என்று நினைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"இத வெச்சுத்தான் இந்த ஆபீசுக்கு வழி கேட்டு வந்தேன்" என்றார். "மூணு வாரத்துக்கு முன்னாடி நான் ஒரு கடுதாசி போட்டேன். மொதப் பிரசவம், முன்கூட்டியே இங்க கூட்டிட்டு வந்துட்டா நல்லதுன்னு நர்சு சொன்னாங்க. ரெண்டு எடம் கேட்டேன். நீங்க பதில் போட்டிருந்தீங்க."

அவள் வாங்கிப் பிரித்தாள். மூன்று வரி. விமானத்தின் மிச்ச நேரம் உயிருக்கு ஆபத்தானவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, பிரசவம் அதில் சேராது, பொறுத்துக்கொள்ளவும். கீழே அவள் கையெழுத்து, பெயர் பார்க்காமல் போட்டது.

"கேட்டுப் பாருங்க, யாராச்சும் பெரிய மனுஷன புடிங்கன்னு அங்க எல்லாரும் சொன்னாங்க" என்றார் வாத்தியார். "அகாதாதான் வேணாம்னா. அந்தம்மா யாருக்கும் கொடுக்கலயாம், கேட்டுக் கேட்டு வாங்குறவங்களுக்கே கொடுக்கலயாம். நாம எடுத்துக்கிட்டா நெசமா சாகக் கெடக்குறவங்களுக்கு இல்லாம போயிடும்னா."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். தமானவா விருந்தைப் பற்றி அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது திரோயாவுக்குப் புரிந்தது.

"உக்காருங்க தம்பி" என்றாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்."