ரோஸ் மாத்திரை

"அந்த மாத்திரையை நிறுத்தினீங்களா இல்லையா?" டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டார். "இதய ஆபரேஷன்ல கொஞ்சம் ரத்தம் கசியறது சகஜம்தான். இது நிக்கவே மாட்டேங்குது."

"நிறுத்தியாச்சு சார். நானே வீட்டுல சொன்னேன்."

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் மகள் அதையேதான் சொல்லியிருந்தாள். வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். பேச்செல்லாம் அவளிடம், கையெழுத்தெல்லாம் அவளுடையது. பக்கத்தில் நின்ற அம்மாவை எந்த டாக்டரும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நெஞ்சைத் திரும்பத் திறந்து பார்க்கணும். இன்னும் ரத்தத்துக்கு ஆள் வரச் சொல்லுங்க." அவர் நடந்தார்.

அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். "எதைடி கேக்குறார்? அந்த ரோஸ் மாத்திரையா?"

"ஆமா."

"அதை நான் விடவே இல்லையே. நேத்துகூட நீ கேன்டீன் போனப்ப குடுத்தேன். இதய மாத்திரையைப் போய் யாராவது நிறுத்துவாங்களா? நீதான் அவசரத்துல தப்பாக் கேட்டிருப்பேன்னு நினைச்சேன்."

அம்மாவுக்கு நல்ல காரியம் செய்த முகம்.

அவள் ஓடினாள். "சார், சாப்பிட்டிருக்கார். நேத்து வரைக்கும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்போ ரத்தம் மட்டும் ஏத்தினாப் போதாது, அதை உறைய வைக்கிற பிளேட்லெட்டும் வேணும்" என்று சொல்லிக் கதவுக்குள் போய்விட்டார்.

அது ரத்தத்தை உறையவிடாத மாத்திரை, கத்தி வைக்கும்போது ஆபத்து. அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் "நிறுத்தணுமாம்" என்று ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"என்னடி சொன்னார்?"

"ரத்தம் வேணுமாம்."

அப்பா ஓட்டும் பஸ்ஸின் டிப்போவிலிருந்து நாலைந்து டிரைவர்கள் சீருடையோடே வந்தார்கள். அவர்களில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மீசைக்காரர், பஞ்சு வைத்த முழங்கையை மடக்கியபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "கவலைப்படாதீங்கக்கா. ஹாரனே அடிக்காத மனுஷன். என் ரத்தம் ஏறட்டும், தெருவையே எழுப்பிடுவார் பாருங்க."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல்.

டாக்டர் மறுபடி வந்தபோது தலையில் தொப்பி இல்லை. நேராக மகளிடம் வந்தார். "எவ்வளவோ ஏத்திப் பார்த்தோம்..."

"அம்மாகிட்ட சொல்லுங்க சார்."

அவர் முதல்முறையாக அம்மாவைப் பார்த்தார். "அம்மா, அந்த மாத்திரை..."

"சார்," என்றாள் மகள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் குனிந்தார். "அவர் உடம்பு தாங்கலம்மா. போயிட்டார்."

அம்மா அழவில்லை. மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள். டாக்டர் போனபிறகு கேட்டாள்.

"நான் எதுவும் தப்பாக் குடுத்துடலையே?"

"நீ ஒரு வேளைகூட விடலம்மா."

அம்மா தலையாட்டினாள். பைக்குள் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தாள். ஓரத்திலிருந்து வரிசையாக, ஒரு குழி தாண்டாமல், காலியாகியிருந்தது. "மிச்சம் இருக்கு. நர்ஸம்மாகிட்ட குடு. யாருக்காவது ஆகும்."

அவள் நர்ஸ் மேசைவரை போனாள். கையை நீட்டாமல் திரும்பி வந்தாள். அட்டையைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"மாமா, போதும், கையை எடுத்துடலாம்," என்றாள் மீசைக்காரரிடம்.

அவர் நிமிரவில்லை. முழங்கையை மடக்கி, அந்தப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.