ஏற்றிவிட ஆள் உண்டு

சாரம் சரிந்து விழுந்த நாளிலிருந்து வெல்டருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. வாக்குச்சாவடியோ நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஒட்டியிருந்த காகிதம் போன தேர்தலுக்கு முந்தியது. எழுத்தே வெளுத்துப்போயிருந்தது.

வீடுகளை இடிக்கும் அதிகாரியின் அறையும் அதே மாடியில்தான். சாலையை அகலப்படுத்த வெல்டரின் வீடு போகிறது. வேண்டாமென்றால் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். நாளையோடு கெடு முடிகிறது. இதற்கு முன் எத்தனையோ முறை வந்து படிக்கட்டின் அடியில் காத்துக் கிடந்தார். மனைவி மேலே போய்க் கெஞ்சினாள். வீடு அவர் பேரில் இருப்பதால் அவர்தான் வர வேண்டும் என்றார் அதிகாரி. கீழே இறங்கி வந்து கேட்க விதியில் இடமில்லையாம்.

இன்றைக்கு மட்டும் விடிந்தும் விடியாததுமாக வாசலில் ஆட்கள்.

“பெரியவரே, உங்க ஓட்டு இல்லாம எப்படி? நாங்க எதுக்கு இருக்கோம்?” என்றான் ஆளுங்கட்சிக்காரன்.

“இவனுக்கு முன்னாடியே நான் வந்துட்டேன் பெரியவரே,” என்றான் எதிர்க்கட்சிக்காரன்.

சக்கர நாற்காலி படியேறாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கட்சிக்கு இரண்டு பேராகத் தூக்கினார்கள். யார் உயரத் தூக்குவது என்ற போட்டியில் நாற்காலி கோணிக்கொண்டு போனது.

“உங்க சண்டையில என்னக் கீழ போட்டுடாதீங்கடா.”

காலியான சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற மனைவி, “கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுசன யாரும் தூக்கல,” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஓட்டுப் போட்டார். யாருக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே கொண்டுவந்து வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

“தம்பி, எதிர்த்தாப்புல அந்த ரூம். அப்படியே அங்க கொண்டு விடு. வீட்ட இடிக்காதீங்கன்னு சொல்லணும்.”

“ஓட்டுப் போடுறதுக்காக இன்னைக்கு லீவு விட்டிருக்காங்க பெரியவரே.”

“அப்ப நாளைக்குத் தூக்கிட்டு வருவியா?”

ஆளுங்கட்சிக்காரன் கைபேசியைப் பார்த்தான். “நாளைக்குக் கொஞ்சம் கஷ்டம். ஜெயிச்சதும் மொத வேலையா லிஃப்ட் போட்டுர்றோம்.”

“ஜெயிச்சுத்தானடா இருக்கீங்க?”

எதிர்க்கட்சிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“நீ சிரிக்காத. லிஃப்ட் ஓடாமலே கட்டடத்தத் திறந்தது உங்க ஆளு.”

வெல்டர் மை வைத்த தன் விரலைப் பார்த்தார். ஓட்டுப் போடும்வரை இந்த உடம்புக்குப் பல்லக்கு. போட்ட பிறகு வெறும் மூட்டை. விரலைத் தூக்கி வருகிறவர்களுக்கு, அதே ஆளின் வாயைத் தூக்கி வர முடியவில்லை.

“சரி, இறக்கிடலாம்,” என்று குனிந்தார்கள்.

“இருங்கடா. இடுப்பு வலிக்குது. அந்தக் கதவோரமா ஒரு நிமிசம் வைங்க.”

வைத்தார்கள். அதிகாரி அறையின் கம்பிக் கதவுக்குள் கையை முழங்கைவரை விட்டு இறுகக் கோத்துக்கொண்டார். கால் நன்றாக இருந்த காலத்தில் அவரே பற்றவைத்த கதவு. பிய்த்துக்கொண்டு வராது.

காவல்காரர் ஓடி வந்தார். “ஐயா, ஓட்டுப் போட்டா இங்க இருக்கக் கூடாது. கிளம்புங்க.”

“என் காலுகிட்டச் சொல்லுங்க.”

“பெரியவரே, எல்லாரும் பாக்குறாங்க,” என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே குரலில் குழைந்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“பாக்கட்டும். நேர்ல வான்னு சொன்னாரு, வந்துட்டேன். நாளைக்கு அவரு வந்து கதவத் திறக்கட்டும்.” பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தார். “ஏய், என் மாத்திரையும் ஒரு போர்வையும் குடுத்தனுப்பு.”

“யாருகிட்டங்க குடுக்க?” என்று கீழிருந்து கேட்டாள்.

“இவனுங்ககிட்டதான். வரிசை இன்னும் முடியலல்ல? அதுவரைக்கும் சொன்னதச் செய்வானுங்க.”