லைட் அணையட்டும்

"அந்த லைட் அணையட்டும், வரேன்" என்று சொல்லிச் சொல்லியே என் கணவர் இத்தனை மாதங்களை ஓட்டிவிட்டார். மழையில் கார் வழுக்கிக் கம்பத்தில் மோதியபோது ஓட்டியவர் அவர்தான். பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவருக்கு பஸ்தான். நொறுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்த பிறகும் பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் லைட் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது, அவருக்கு நல்ல சாக்காக. எனக்கோ தனியாக ஓட்டி அலுத்துவிட்டது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே நாங்கள் இருவரும் சுற்றிய ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

கோளாறைச் சோதிக்கும் கருவியைக் காரில் செருகிப் பார்த்ததில், முன் இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரில்தான் கோளாறு என்று காட்டியது. வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினேன்.

"பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சியா?"

"வச்சிட்டேங்க."

அவர் நம்பாமல் கல்லைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார். சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி சென்சாரை உருவினேன். கட்டைவிரல் அளவுதான். நுனிக் காந்தத்தில் இரும்புத்தூள் தாடி மாதிரி அப்பியிருந்தது. தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஏய், அது என் டூத் பிரஷ்ஷா?"

"பழசுதாங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! தலையை நிமிர்த்தாமல், சுத்தமாகிவிட்டதையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சாரைத் திரும்பப் பொருத்தினேன். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை அவரே முறுக்கினார். சாவியைத் திருப்பினேன். லைட் எரிந்தது.

"நான்தான் சொன்னேனே, மெக்கானிக் பாக்கட்டும்னு." குரலில் அப்படி ஒரு நிம்மதி. அதுதான் என்னைச் சுட்டது.

"சக்கரம் சுத்தினாத்தாங்க அதுக்கே தெரியும். கொஞ்சம் ஓட்டினா அணைஞ்சிடும். நீங்களும் வாங்க."

"நீ போயிட்டு வா."

போனேன். தெருமுனை தாண்டி வேகம் எடுத்ததும் லைட் அணைந்தது. சந்தோஷத்தைவிட பயம்தான் முதலில் வந்தது. இனி அவர் வரமாட்டேன் என்றால், பழி போட அந்த லைட்கூட இல்லை.

திரும்பி வந்தபோது கேட்டருகே நின்றிருந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து, லைட் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மழை வருமா?"

வராது என்று சொல்லியிருக்கலாம். "தெரியலங்க" என்றேன்.

அவர் கை கதவுப்பிடியில் இருந்தது. இழுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. நான் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன்.