பாட்டா வரும் நேரம்

புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வருகிற கிழவரைச் சந்திரமதிக்குக் கண்டாலே ஆகவில்லை. வெண்தாடி, இடுப்பில் சாவிக்கொத்து, எல்லோரையும் ‘பேரா’ என்று கூப்பிடுகிற குழைவு. மரகதச் சுனைக்கு அடியில் இருக்கும் மாயக்கோட்டைக்கு அவர்தான் காவலாம். அவர் வந்தால் கதவு மூடிக்கொள்ளுமாம். மாயாபந்தரில் அந்தப் புத்தகத்தைப் படித்த அத்தனை பேருக்கும் அவரைத்தான் மிகவும் பிடித்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் தன் கதையிலிருந்து திருடியவன் இந்த ஒரு கிழவரை மட்டும் எங்கிருந்து பிடித்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததும் சேர்ந்து கோபத்தை ஏற்றியது.

சந்திரமதி மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஊருக்கு அவள் ‘சிஸ்டர்’. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் இந்தி, இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. மெயின்லேண்டை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேற்றிய கிராமங்களில் பிரசவம் என்றால் அவள் படகோட்டி ஜம்புலிங்கத்தின் டோங்கியில் ஏறி, கடல் காட்டுக்குள் புகுந்து ஓடுகிற கழி வழியாகப் போகவேண்டும். கடல் ஏறும்போது கழியில் ஆள் மூழ்குகிற தண்ணீர் நிற்கும். இறங்கிவிட்டால் முழங்கால் சேறும் கண்டல் வேரும்தான். அந்த இறக்கத்துக்குத் தீவில் ‘பாட்டா’ என்று பெயர். வங்காளி, தெலுங்கன், மலையாளி, தமிழன் எல்லோருக்கும் அதே சொல். “பாட்டா தொடங்கிட்டா நான் பொறுப்பில்ல, சிஸ்டர்,” என்பது ஜம்புலிங்கம் தினமும் சொல்கிற காலை வணக்கம்.

பாட்டாவுக்கு ஒரு கணக்கு உண்டு. நிலா ஒவ்வொரு நாளும் நேற்றைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. கடலும் அதன் பின்னாலேயே பிந்துகிறது. இன்று நாலு மணிக்கு நிரம்பிய கழி நாளைக்கு நாலு ஐம்பதுக்குத்தான் நிரம்பும். கணக்குத் தப்பினால் ஆறு மணி நேரம் சேற்றில் உட்காரவேண்டும், கொசுவோடு. காட்டுக்குள்ளே ஒருத்தி வலியில் கிடப்பாள்.

அப்படிச் சேற்றில் உட்கார்ந்த ஒரு மத்தியானம்தான் அவளுக்கு ‘நீர்க்கோட்டை’ தோன்றியது. கடலுக்கடியில் ஒரு கோட்டை. ஏற்றத்தில் கதவு திறக்கும், பாட்டா வந்தால் மூடும். சூனியக்காரி எவ்வளவு வல்லவளாக இருந்தாலும் கடலுக்குக் கட்டளையிட முடியாது. அவளும் கணக்குப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அவளைத் துரத்துகிற இளவரசியும் கணக்குப் போட்டுத்தான் போகவேண்டும். ராஜா ராணி காலத்தில் நிமிடம் ஏது? ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிடம், இரண்டு நாழிகை நாற்பத்தெட்டு. ‘நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளி’ என்று எழுதினாள். அந்த வரியை எழுதிய அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கதை ‘நங்கூரம்’ பத்திரிகையில் தொடராக வந்தது. தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகை அது. பள்ளிக்கூடத்து மங்கையர்க்கரசி டீச்சர் எல்லோருடைய எழுத்தையும் தன் உருண்டைக் கையெழுத்தில் பிரதி எடுப்பார். மாதம் ஒரே ஒரு பிரதி. வீட்டுக்கு இரண்டு நாள் என்று ஊரைச் சுற்றும். படித்தவர்கள் கடைசிப் பக்கங்களில் கருத்து எழுதவேண்டும். ‘இளவரசி சேற்றில் சிக்கிய இடத்தில் சோறு தீய்ந்துவிட்டது’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஒன்பது அத்தியாயம் முடிந்தது, இன்னும் மூன்று பாக்கி.

அப்போதுதான் கப்பலில் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. ‘மரகதச் சுனை மாயராணி’, எழுதியவர் மாயவேலன், சென்னை. அச்சிட்ட வருடம் எங்கேயும் போடவில்லை. கதை அவளுடையது. கடலை மட்டும் தூக்கிவிட்டு மலை உச்சியில் ஒரு சுனையை வைத்திருந்தான். கூடவே அந்தக் கிழவர்.

திருட்டைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். திருடியதைக் கெடுத்திருந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. இளவரசி மூன்று நாள் விரல்விட்டு எண்ணிக் கணக்குப் போட்ட இடத்தில் புத்தகத்து இளவரசி மந்திர மோதிரத்தைத் தேய்க்கிறாள், வேலை முடிகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒருவன் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவக்கின்றன. ஒருவன் இடியென முழங்குகிறான், அடுத்தவனும் இடியென முழங்குகிறான்.

ஊரோ வேறு மாதிரிப் பேசியது. அச்சில் வந்ததுதான் அசல், கையால் எழுதியது நகல். சங்கத் தலைவர் பக்தவத்சலம் ஒரு தாளில் மன்னிப்புக் கடிதமே தயார் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சந்திரமதி அதில் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் நீர்க்கோட்டை ஒன்பதாவது அத்தியாயத்தோடு நின்றுபோகும். பழைய ‘நங்கூரம்’ இதழ்களைக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் அவையும் இல்லை. போன மே மாதம் பைண்டு செய்து வருகிறேன் என்று சென்னைக்கு எடுத்துப்போனவர் பக்தவத்சலம்தான். பைண்டிங் கடையில் தொலைந்துவிட்டதாம்.

கூட்டம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே தொடங்கியது. அன்றைக்கு நாலு மணிக்குக் கழி நிரம்பும். உள்கிராமம் ஒன்றில் தலைப்பிரசவம் காத்திருந்தது. நாலரைக்குள் கிளம்பியே ஆகவேண்டும். ஜம்புலிங்கம் துடுப்பும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

பக்தவத்சலம் ரோடு கான்ட்ராக்டர், நாகர்கோயில்காரர். தீவுக்கு வந்து எட்டு வருடமாகிறது. ஜீப்பை விட்டு இறங்கமாட்டார், படகென்றால் குமட்டும்.

“பாரும்மா,” என்று தொடங்கினார். “அரிசி மெயின்லேண்டுல இருந்து வருது. சிமெண்டு மெயின்லேண்டு. ஊறுகாய்கூட மெயின்லேண்டு. கதை மட்டும் இங்கேருந்து அங்க போச்சுன்னா எவன் நம்புவான்?”

“அப்போ நான் எங்க படிச்சேன்? எந்தக் கப்பல்ல வந்துச்சு? அதையும் நீங்களே பதாவோ, சொல்லுங்க.”

“அந்தப் புத்தகம் ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே மெட்ராஸ்ல தொடரா வந்ததாம். எவனாவது தந்திருப்பான். ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் பேரு வாறான்லா.”

சந்திரமதி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “இந்தச் சுனையில தண்ணி தினம் ரெண்டு வேளை ஏறி இறங்குது. மலை உச்சியில! அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஜாஸ்தியா ஏறுதாம். எந்தச் சுனை சார் அப்படி ஏறும்? இது கடல். கடலைத் தூக்கி மலையில வெச்சுட்டு, கடல் செய்றதை அழிக்க மறந்துட்டான்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடலோடு பிழைக்கிறவர்கள் பாதிப்பேர். ஆனால் பக்தவத்சலம் சிரித்தார்.

“மாயாஜாலக் கதைம்மா இது! மாயத்துல மலையே பறக்கும். ஒரு சுனை ஏறக்கூடாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கதைக்காகச் சோற்றைத் தீயவிட்டவளும் சிரித்தாள்.

சந்திரமதிக்குக் காது சுட்டது. மாயம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? எதுவும் நடக்கலாம் என்றால் எதற்குப் பயப்படுவது? கழி எப்போது வேண்டுமானாலும் நிரம்பும் என்றால் அவள் ஏன் ஓடுகிறாள், ஜம்புலிங்கம் ஏன் கத்துகிறார்? நிரம்பாது என்பதால்தான் ஓட்டம். மோதிரத்தைத் தேய்த்தால் திறக்கிற கதவுக்கு முன்னால் யாருக்கும் நெஞ்சு அடிக்காது. இதை எல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கோபத்தில் “பக்வாஸ்!” என்ற இந்தித் திட்டு மட்டும் வந்தது.

“மரியாதை, மரியாதை,” என்றார் பக்தவத்சலம். “டீச்சர், அந்தப் பாட்டனார் வாற இடத்தை வாசியுங்க. இந்த மாதிரி ஒரு ஆளு சிஸ்டர் கதையில உண்டா? இல்ல. அச்சுல வந்ததுதான் முழுசு, இவ எடுத்தது பாதி. அதுலயே தெரியும்.”

மங்கையர்க்கரசி டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்பத்திரண்டாம் பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். “‘பாட்டனார் வரும் நேரம் நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளிப்போகும். பாட்டனார் தொடங்கிவிட்டால் அவரை யாராலும் நிறுத்தமுடியாது. பாட்டனார் முடியும்வரை கதவு திறக்காது.’”

கண்ணால் நாலு தடவை படித்தபோது தெரியாதது காதில் விழுந்ததும் தெரிந்துவிட்டது. சந்திரமதி எழுந்து நின்றாள்.

“டீச்சர், மறுபடி. ‘னார்’ வேண்டாம். பாட்டான்னு மட்டும் படிங்க.”

“பாட்டா வரும் நேரம் நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளிப்போகும். பாட்டா தொடங்கிவிட்டால்…” டீச்சரின் குரல் அங்கேயே நின்றது.

வாசலில் துடுப்பு கீழே விழுந்தது. “அரே பாப்ரே!” ஜம்புலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “நம்ம பாட்டா! கடல் வத்துற பாட்டா! பாவி, அதுக்குத் தாடி ஒட்டிச் சாவி குடுத்து உக்கார வெச்சிருக்கான்!”

தகரக் கூரை அதிர்ந்தது. படகு நிற்கும் ஜெட்டியின் கூலிகள், மரக்கிடங்கு ஆட்கள், தபால் ஆபீஸ்காரர், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ஒரு கிழவர் தினமும் இரண்டு நாழிகை பிந்தி வருவார் என்றால் யாரும் நம்பலாம், அவருக்கு மூட்டுவலியாக இருக்கலாம். அவர் ‘தொடங்கி’, ‘முடிவது’ எப்படி?

பக்தவத்சலத்துக்கு மட்டும் விளங்கவில்லை. “என்ன கடலு? பாட்டான்னா அப்பாவுக்க அப்பால்லா? எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான சொல்லுவோம்.”

“இங்க யாரும் சொல்றதில்ல,” என்றாள் சந்திரமதி. “இங்க பாட்டான்னா தண்ணி வத்துறது.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நீ பாட்டான்னு எழுதி வெச்சா எங்க மச்சான் வேற எப்படி வாசிப்பான்? அவனுக்கு என்ன சொப்பனமா…”

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மாயவேலன் உங்க மச்சானா?” என்று மெதுவாகக் கேட்டார் டீச்சர்.

பக்தவத்சலம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “தப்பா எடுக்காத, சிஸ்டர். அச்சுல வரட்டுமேன்னுதான் அவன்கிட்ட காட்டினேன். அவன் தொழில்காரன், கொஞ்சம் மெருகு போட்டான். உன் கதை இன்னைக்கு மெட்ராஸ்ல விக்குது. பெருமைல்லா?”

“மெருகா?” சந்திரமதி புத்தகத்தை அவர் மூக்குக்கு முன்னால் பிரித்தாள். “இந்த ஒரு பக்கத்துல மூணு பேர் இடியென முழங்குறாங்க. அதுல ஒருத்தன் காதோட காதா ரகசியம் சொல்றவன்! என் இளவரசிக்கு எண்ணத் தெரியும், இவளுக்கு மோதிரம் தேய்க்கத்தான் தெரியும். இந்தப் பொஸ்தகத்துல உங்க மச்சான் சொந்தமா செஞ்சது ஒண்ணே ஒண்ணு, அந்தக் கிழவர். அதுவும் படிக்கத் தெரியாம வந்தது. ஊரே அவரைக் கொஞ்சுது.”

கடைசி வார்த்தையைக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். சோற்றைத் தீயவிட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேசையில் மன்னிப்புக் கடிதம் கிடந்தது. சந்திரமதி பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தாள். மேலே ‘பக்தவத்சலம்’ என்று எழுதினாள். ‘பிறர் கதையை எடுத்தாண்டதற்கு’ என்பதை அப்படியே விட்டாள், அது பொருத்தமாகத்தான் இருந்தது. தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

“வீட்டுல வெச்சு யோசிச்சு…”

“இப்போ. இங்கே.”

“சிஸ்டர், மணி நாலே முக்கால்!” வாசலில் ஜம்புலிங்கம் கத்தினார்.

“இவர் கையெழுத்துப் போடட்டும்.”

பக்தவத்சலம் சுற்றிலும் பார்த்தார். அவர் பக்கம் பேச ஒருவரும் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். சந்திரமதி தாளை எடுத்து மங்கையர்க்கரசி டீச்சர் கையில் கொடுத்தாள். “முதல் பக்கத்துல போடுங்க. உங்க கையெழுத்துல, பெரிசா. ஒரு பிரதி மச்சானுக்கு அனுப்புங்க.”

டீச்சர் தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சந்திரமதி, ஒரு விஷயம். பாட்டா தமிழே இல்லம்மா. இந்திச் சொல். நான் பிரதி எடுக்கும்போதே திருத்தியிருக்கணும். இனிமே ‘வற்று’ன்னு மாத்திடட்டுமா? இந்தக் குழப்பமே வராது.”

சந்திரமதிக்கு அது இதுவரை தெரியாது. அம்மா சொன்ன சொல், அப்பா சொன்ன சொல். ஒரு கணம் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் கோபம் இன்னும் பெரிதாக எழுந்தது, டீச்சர் மேல் அல்ல, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

“ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க,” என்றாள். “என் கோட்டை இங்க இருக்கு. இங்க அதுக்குப் பாட்டாதான்.”

பையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினாள்.

கழியின் வாய்க்குள் டோங்கி நுழையும்போதே கண்டல் வேர்களில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. ஜம்புலிங்கம் எஞ்சினை முறுக்கினார். சந்திரமதி பிரசவப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வேர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஈரக்கோடு அகலமாகிக்கொண்டே வந்தது. ஒரு கையெழுத்துக்காக விட்ட பதினைந்து நிமிடம் அது.

ஜம்புலிங்கம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “கோவிச்சுக்காத, சிஸ்டர். நான் ஒண்ணு சொல்லவா? அந்தக் கிழவர் ஆள் நல்லாத்தான் இருந்தார். கடைசி அத்தியாயத்துல நம்ம கதையிலும் ஒரு ஓரமா…”

டோங்கியின் அடி சேற்றில் உரசி நின்றது. கிராமத்து ஜெட்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அங்கே யாரோ லாந்தரை அசைத்தார்கள்.

சந்திரமதி பையைத் தலையில் வைத்துப் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

“இப்பவே கூப்பிடு அந்தக் கிழவரை,” என்றாள். “இறங்கிப் படகைத் தள்ளச் சொல்லு.”