மனுவுக்கு வந்த போன்

மேஜைமேல் கிடந்த கைப்பேசி அலறியது. காபித் தட்டோடு வந்த ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். தேனி காப்பீட்டு ஆபீசில் எழுதிக்கொடுத்த அதே நம்பர்! இரண்டு மாதமாகக் காத்திருந்த அழைப்பு, பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலா வரவேண்டும்?

கணவர் தங்கப்பாண்டிக்கு நுரையீரல் சுருங்கும் நோய். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அரசுக் காப்பீட்டு அட்டைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு. வீட்டில் சாப்பிடும் மாத்திரை மட்டும் பட்டியலில் இல்லையாம். கைக்காசு போட்டு வாங்கியது போன மாதத்தோடு நின்றது. விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டிருந்தாள்.

"போன்ல விசாரிப்பாக. நோயாளியே உள்ளதைச் சொல்லணும். அதை வச்சுத்தான் முடிவு" என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் நோய் வெளியே தெரிந்தால் மகள் ஹேமாவதியின் சம்பந்தம் முறிந்துவிடும் என்று தங்கப்பாண்டிக்குப் பயம். மூச்சிரைப்பு காட்டிக்கொடுத்துவிடுமென்று வந்தவர்களை எழுந்துகூட வரவேற்கவில்லை.

"என்னண்ணே, நாற்காலியில பசை தடவியிருக்கா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அம்மாவாசி வந்ததுமே கிண்டலடித்தார். முட்டி வலி என்று சமாளித்தாயிற்று.

இப்போது தங்கப்பாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆமாங்க, தங்கப்பாண்டிதான்... உடம்பா? நல்லா இருக்கேங்க. மூச்சா? அதெல்லாம் ஒரு குறையும் இல்லீங்க. தோட்டத்துக்கு நடந்தேதான் போறேன்."

போனை வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"யாரு?" என்றார் அம்மாவாசி.

"இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறாக."

"உங்களுக்கு எதுக்குண்ணே அது? இரும்பு மாதிரில்ல இருக்கீக!"

கூடமே சிரித்தது. ஜோதிலட்சுமி அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாத்திரை போயிற்று. மனிதரும் போய்விடுவாரா?

பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா மூக்கம்மாள் வந்து கதவைச் சாத்தினாள். கணவரைப் பறிகொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

"அண்ணனுக்கு உதடு நீலம் பாஞ்சிருக்கே. எத்தனை மாசமா?"

"அது... முட்டியிலதான்..."

"முட்டிக்கு உதடு நீலமாகுமாக்கும்! ஊருக்கு மறைக்கலாம், எங்கிட்ட ஆகாது. மூச்சப் பத்திக் கேட்ட அந்த நம்பருக்கு இப்பவே போட்டு அண்ணனையே பேசச் சொல்லுங்க. ஹேமாவதி எங்க வீட்டுக்குத்தான் வாரா."

ஜோதிலட்சுமி நம்பாமல் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரகளும் அந்தப் போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொன்னாக, மதினி."