லைனில் இருப்பவன்

ஃபோன் கம்பெனிக்காரர்கள் லைனை வெட்டிவிட்டுப் போய்ப் பல வருடங்கள் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மோடம் கீச்சிட்டபடி ஓர் அழைப்பை எடுத்தது. அதற்கு மின்சாரம் கிடையாது. அதன் ஒயர் ஜன்னல் கம்பியில் சுற்றிக் கிடந்தது. சவரம் செய்துகொண்டிருந்த கடைக்காரர் பாதிக் கன்னத்தில் நுரையோடு வந்து பார்த்துவிட்டு, மீதிக் கன்னத்தை முடிக்கப் போனார்.

இணையம் வருவதற்கு முன் மோடம் இருந்த அந்த அறையில் அவர் கம்ப்யூட்டரில் ஓர் அரட்டைப் பலகை நடத்திவந்தார். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஃபோன் வழியாக அதற்குள் வந்து, சொந்த மொழியை ஆங்கில எழுத்தில் தட்டி, சினிமாவைத் திட்டி, சதுரங்கத்தில் ஒரு காய் நகர்த்திவிட்டுப் போவார்கள். இருந்தது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். ஆகவே பல்வலி, ஆமை, ராக்கெட் என்ற பெயர்களில் வருடக்கணக்கில் பழகியவர்கள் ஒரு நிமிடம்கூட ஒன்றாக உள்ளே இருந்ததில்லை; ஒருவர் எழுந்துபோன நாற்காலியின் சூட்டில் அடுத்தவர் உட்காருவது போன்ற சிநேகம் அது. இப்போது ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒரு சூட்டையும் காணோம். வந்தால் போகவே மாட்டாத ஒருவனுக்கு மட்டும் கொசு என்று பெயர். கடைக்காரரின் மைத்துனன். பலகை மாமாவுடையது என்றால் அவனை யார் கேட்பது?

கொசு ஒருநாள் வேலையை உதறிவிட்டு வந்து நின்றபோது, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டாள் கடைக்காரரின் மனைவியான அவன் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள்; வாய்தான் நீளம். அவன் படி ஏறவில்லை. தன் அறையிலிருந்து டயல் செய்து பலகைக்குள் வந்தான். மாமா திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, "மாமா, அக்காகிட்ட சொல்லுங்க," என்பதுவரை தட்டினான். அந்த நேரம் பார்த்து அக்கா, தையல்காரரைக் கூப்பிடச் சமையலறை ஃபோனை எடுத்தாள். ஒரே லைனில் இரண்டு ஃபோன் வைத்திருந்த வீடுகளில் அன்றாடம் நடக்கிற தப்புதான். காதில் இரைச்சல் பாய்ந்தது, இணைப்பு அறுந்தது. மறுநாள் கொசு லாரியில் அடிபட்டுச் செத்தான். என்ன சொல்ல வந்தான் என்று தெரியாமல் அவள் பாதியாக இளைத்துப்போனாள். திட்டத்தான் வந்திருப்பான் என்று ஒருநாள் அழுவாள், மன்னிப்புக் கேட்கத்தான் என்று மறுநாள் அழுவாள். பலகையை மூடிய பிறகும் அந்த அறையில் எதையும் நகர்த்த விடவில்லை.

மோடம் கீச்சிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை திரையில் தெரிந்தது, கொசு பாதியில் விட்ட அதே வரி. சில வாரங்களில் கமாவுக்கு அடுத்து ஓர் எழுத்து விழுந்தது. மழைக்காலத்தில் இன்னொன்று. அக்கா நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவ்வப்போது சமையலறை ஃபோன், ரிசீவரைத் தூக்காமலே மெல்ல இரைந்தது. இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். "செத்த ஃபோனுக்கு என்னம்மா பயம்?" என்று கைநீட்டிய பக்கத்து வீட்டு வக்கீலை, "கைய எடுங்க சார்!" என்று தள்ளியேவிட்டாள். விஷயம் கேள்விப்பட்ட பல்வலி, வேறு கண்டத்திலிருந்து அந்தப் பழைய எண்ணைச் சுழற்றிப் பார்த்தார். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றுதான் குரல் வரவேண்டும். எங்கேஜ்டு சத்தம் வந்தது. "உள்ள ஆள் இருக்குப்பா," என்று ஆமைக்குச் சொல்லிவிட்டு அவர் அன்று வேலைக்குப் போகவில்லை.

வாக்கியம் முடிவதற்குள் அக்காவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஃபோனை எடுத்துடாதன்னு. நான் உள்ளதான் இருக்கேன்."

"இதைச் சொல்லத்தான் வந்தியாடா, கழுத," என்று திரையைப் பார்த்துச் சத்தமாகத் திட்டினாள். பிறகு ஆசை தீர அழுதாள். புள்ளி விழுந்த பிறகும் அவன் லைனை வைக்கவில்லை. சமையலறை ஃபோனை அவள் இப்போதும் ரிசீவர் அசையாமல் சுற்றித் துடைக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறாள்: "அதை மட்டும் தொட்டுடாதீங்க, தம்பி லைன்ல இருக்கான்." வருபவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, சற்றுத் தள்ளியே உட்கார்ந்துகொள்கிறார்கள்.